உங்களுக்குத் தெரியுமா? பெட்டியோடு வீட்டுக்கு வரும் மூட்டைப்பூச்சி

தசரா முடிந்த வாரத்தில் மைசூர் ரயில் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஊர் பார்க்க வந்தவர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். லீவுக்கு வெளியூர் போன மைசூர்க்காரர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். சென்னையிலிருந்து காவேரி எக்ஸ்பிரஸ், தூத்துக்குடியிலிருந்து ஒரு ரயில் என்று இரவெல்லாம் ஓடிக் காலையில் வந்து நிற்கும் வண்டிகள். பெட்டியோடு பெட்டி உரசும், கம்பளியோடு கம்பளி மடியும். வீட்டில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது என்று வாசகர்கள் கவலைப்பட்டு விசாரிப்பதும் இந்த நாட்களில்தான்.

நானும் பட்டிருக்கிறேன். வெளியூர் விடுதி ஒன்றில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்த மூன்றாம் நாள், முழங்கைக்குக் கீழே வரிசையாக மூன்று தடிப்புகள். கொசு என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவினேன். ஐந்தாம் நாள் பையைக் கழுவ எடுத்தபோது, ஜிப்பை ஒட்டிய தையலில் பால்பாயிண்ட் பேனா முனையால் குத்தியதுபோல் ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகள். ஈரப் பஞ்சால் ஒன்றைத் தொட்டேன். புள்ளி கலைந்து துருநிறத்தில் பரவியது. அது செரித்த ரத்தம். அந்தப் பையை ஐந்து நாளும் கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருந்தேன்.

● தமிழில் மூட்டைப்பூச்சி என்கிறோம். மூட்டுப்பூச்சி என்பவர்களும் உண்டு. மூட்டு என்றால் பொருத்து, இணைப்பு. பெயருக்கு மூலம் அதுவோ வேறோ, தேட வேண்டிய இடம் அதுதான். கட்டில் சட்டங்கள் சேரும் மூலை, மெத்தை ஓரத்துப் பைப்பிங், தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு, திருகாணித் துளை. கன்னடத்தில் இதற்குத் திகணெ என்று பெயர். தெலுங்கில் நல்லி, மலையாளத்தில் மூட்ட, இந்தியில் கட்மல், வடமொழியில் மத்குணம்.

● சுத்தமான வீட்டுக்கு மூட்டைப்பூச்சி வராது என்பது தவறு. நாட்டின் தூய்மையான நகரங்கள் பட்டியலில் 2015லும் 2016லும் முதலிடம் பெற்ற ஊர் மைசூர். அதனாலேயோ என்னவோ, இங்கே ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சி வந்தால் அந்த வீட்டார் வாய் திறப்பதில்லை. பூச்சிக்கு வேண்டியது மனித ரத்தமும் ஒளிந்துகொள்ள ஒரு இடுக்கும்தான். குப்பையை அது தின்பதில்லை. வேண்டாத சாமான்கள் அடைந்து கிடந்தால் ஒளிய இடம் கூடும், தேடுவது கடினம், அவ்வளவே. என் பை விஷயத்தைப் பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டியிடம், அஜ்ஜி என்றுதான் கூப்பிடுவேன், தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "நாச்சிகெ யாக்கம்மா?" வெட்கம் எதற்கம்மா என்று. அடுத்த நிமிடம் தன் அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீரை ஏற்றினார். அவர் ஏற்றிய தண்ணீர் எவ்வளவு சரி என்பது பிறகு படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

● உலகில் மனிதனைத் தேடிக் கடிக்கும் மூட்டைப்பூச்சி முக்கியமாக இரண்டு வகை. குளிர்நாட்டுக்காரன் சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். வெப்பநாட்டுக்காரன் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். நம் பக்கத்தில் பெரிதும் காண்பது பின்னது. வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துக் கட்டில் காலுக்கடியில் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணப் பொறி வாங்கி வைப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்நாட்டு வகை அந்த வழுக்குச் சுவரில் ஏற முடியாமல் கிண்ணத்திலேயே கிடக்கும். நம் ஊர் வகையின் காலில் பிடிமான முடிகள் அதிகம். வளர்ந்த பூச்சி ஏறித் தப்பிவிடுகிறது என்று 2017இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பொறி காலியாக இருக்கிறது என்பதால் வீட்டில் பூச்சி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

● வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர். ஆப்பிள் விதை அளவு, நிறமும் ஏறக்குறைய அதுவே. குஞ்சு வெளிறி, கண்ணுக்குப் படாத மஞ்சளில் இருக்கும். ரத்தம் குடித்தபின் வயிறு சிவந்து தெரியும். ஐந்து முறை சட்டை உரிக்கும். ஒவ்வொரு உரிப்புக்கும் ஒரு வேளை ரத்தம் வேண்டும். இறக்கை கிடையாது, குதிக்கவும் வராது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக நாமும் நம் சாமான்களும்தான் அதற்கு வண்டி. அடுக்குமாடியில் குழாய்த் துளை, மின்கம்பித் துளை வழியாகவும் பக்கத்து வீட்டுக்கு நடக்கும்.

● கருவுற்ற ஒரே ஒரு பெண் பூச்சி போதும். தினமும் சில முட்டைகள் வீதம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் இடும். முட்டை 1 மில்லிமீட்டர், அரிசிக் குருணையைப்போல் வெள்ளை, ஒட்டிக்கொண்டிருக்கும், உதறினால் விழாது. வெதுவெதுப்பான அறையில் ஒரு வாரம் பத்து நாளில் பொரிந்துவிடும்.

● எந்த ஊர் விடுதியில் கடித்தது என்று கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம்? கடிக்கும்போது அது உமிழ்நீரோடு மரத்துப்போகச் செய்யும் பொருளையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளையும் செலுத்துகிறது. ஐந்து பத்து நிமிடம் குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பும்வரை தூங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. தடிப்பு மறுநாளே வரலாம், பதினான்கு நாள் கழித்தும் வரலாம். சிலருக்கு வருவதே இல்லை. ஒரே கட்டிலில் கணவருக்குக் கையெல்லாம் கொப்புளம், மனைவிக்கு ஒன்றுமில்லை என்றால், அவரை மட்டும் தேடிக் கடித்தது என்று பொருளல்ல. அவர் உடல் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

தடிப்பை மட்டும் வைத்து மருத்துவரால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. புள்ளி, உரித்த சட்டை, உயிருள்ள பூச்சி இவற்றில் ஒன்றாவது கண்ணில் பட வேண்டும். ஒன்றும் படாமல் மருந்தடிக்க ஆளைக் கூப்பிடாதீர்கள். பிடித்த பூச்சியை ஒரு செலோடேப்பில் ஒட்டி வையுங்கள். பார்த்தவருக்குச் சந்தேகம் இராது.

● நோய் பரப்புமா? மூட்டைப்பூச்சி கடித்து மனிதருக்கு நோய் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடிப்பதுதான் நடைமுறையில் வரும் தொல்லை. சோப்பால் கழுவி, காலமைன் தடவி, நகத்தை வெட்டிவிட்டால் பெரும்பாலோருக்கு ஆறிவிடும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரைப் பாருங்கள். தூக்கம் கெடுவது தனிக் கதை. பூச்சி ஒழிந்தபின்னும் மாதக்கணக்கில் விளக்கைப் போட்டு மெத்தையைத் தடவிப் பார்ப்பவர்களை நான் அறிவேன். அதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

● இந்தப் பூச்சியின்மேல் ஒரு பெரும் பழியே விழுந்திருந்தது. அந்தக் கதைக்குக் களம் நம் சென்னை. 1903இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் டோனவன், காலா அசார் என்னும் கொடுங்காய்ச்சலின் கிருமியை நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்துக் காட்டினார். லண்டனில் லீஷ்மன் என்பவரும் அதே ஆண்டு அதைப் பற்றி எழுதியதால் அதற்கு இருவர் பெயரும் நிலைத்தது. கிருமி சரி, அதை ஆளுக்கு ஆள் கொண்டுபோவது யார்? 1907இல் டபிள்யூ.எஸ். பேட்டன் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரி, சென்னையில் மூட்டைப்பூச்சிகளுக்கு நோயாளிகளின் ரத்தத்தைக் குடிக்கக் கொடுத்து, பூச்சியின் வயிற்றுக்குள் அந்தக் கிருமி வளர்ந்து வால் முளைப்பதைக் கண்டார். குற்றவாளி அகப்பட்டான் என்றே பலரும் எண்ணினார்கள். ஏழை வீட்டுக் கட்டில், ஏழை வீட்டுப் பூச்சி, ஏழை வீட்டு நோய். கணக்கு அழகாகப் பொருந்தியது. ஆனால் கடித்து நோய் தொற்றியதை யாராலும் காட்ட முடியவில்லை. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1942இல் ஸ்வாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அஸ்ஸாமில் தன்னார்வலர்களை மணல் ஈக்கள் கடிக்கவிட்டு நோய் வருவதைக் காட்டினார்கள். பழி மணல் ஈக்கு மாறியது. தவறான பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில் இறந்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

● பஞ்சதந்திரத்திலும் இப்படி ஒரு பழி மாறிய கதை உண்டு. ராஜாவின் பஞ்சணையில் ஒரு பேன் நெடுநாளாக அடக்கமாக வாழ்கிறது. வெளியிலிருந்து விருந்தாளியாக ஒரு மூட்டைப்பூச்சி வந்து சேர்கிறது. ராஜா உறங்கும்வரை பொறு என்று பேன் சொல்லியும் கேளாமல் கடித்துவிடுகிறது. ராஜா துள்ளி எழ, வேலையாட்கள் விளக்கோடு தேட, மூட்டைப்பூச்சி கட்டில் இடுக்கில் மறைய, அகப்பட்டுச் சாவது பேன். எழுதியவர் கட்டிலை நன்றாகப் பார்த்தவர்: வெளியிலிருந்து வருவது, உறக்கத்துக்குக் காத்திருப்பது, வெளிச்சம் வந்ததும் இடுக்குக்கு ஓடுவது என்று மூன்றும் இன்றைய பாடப்புத்தகத்தில் இருப்பவை.

● விடுதி அறைக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிடம். பெட்டியைக் கட்டில்மேலும் சோபாவிலும் வைக்காதீர்கள். குளியலறை டைல்ஸ் தரையில் வையுங்கள், அங்கே ஒளிய இடம் குறைவு. பிறகு செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு விரிப்பின் நான்கு மூலைகளையும் உருவிப் பாருங்கள். தலைமாட்டுப் பக்கம்தான் முக்கியம், நாம் மூச்சுவிடும் இடத்துக்கு அருகில்தான் அது குடியிருக்கும். மெத்தையின் பைப்பிங்கை விரலால் விலக்கி, பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை இடுக்கில் நுழைத்து இழுத்துப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் வேறு அறை கேளுங்கள், பக்கத்து அறையோ நேர் மேல், நேர் கீழ் அறையோ வேண்டாம். மாதக் கணக்கில் தங்குபவர்களுக்கும் இது பொருந்தும்: மைசூர் கோகுலத்தில் யோகா கற்க வாடகைக்கு அறை எடுப்பவர்கள், பி.ஜி.யில் சேரும் கல்லூரிப் பிள்ளைகள், முன்னால் தங்கியவர் விட்டுப்போன மெத்தையை வாங்கிக்கொள்பவர்கள்.

● அழுக்குத் துணிக்கு மூட்டைப்பூச்சி ஓடி வரும். 2017இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஓர் அறையில் துவைத்த துணிப் பையும் உடுத்திய துணிப் பையும் வைத்துப் பார்த்தார்கள். உடுத்திய துணிக்கு இரண்டு மடங்கு பூச்சிகள் போயின. பயணத்தில் அழுக்குத் துணியை நாற்காலியில் குவிக்காமல் இறுகக் கட்டும் பிளாஸ்டிக் பையில் போடச் சொல்வது இதனால்தான்.

● வீடு திரும்பியதும் செய்ய வேண்டியதை நான் இப்போது ஒரு முறையாகவே வைத்திருக்கிறேன். பெட்டி படுக்கையறைக்குள் போகாது. நேராகப் பின்கட்டு யுடிலிட்டிக்குப் போகும், அல்லது மொட்டை மாடிக்கு. தரையில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் பெட்டியைத் திறப்பேன். வெள்ளையில் ஊர்வது எதுவும் தெரியும். துணிகளை ஒவ்வொன்றாக உதறி, துவைக்கக்கூடியது உடுத்தினதா உடுத்தாததா என்று பார்க்காமல் எல்லாவற்றையும் நேராக வெந்நீருக்கு. நான் உடுத்தியிருப்பதும் குளிக்கப் போகும்போது அதே வாளிக்கு. காலியான பெட்டியின் தையல், சக்கர இடுக்கு, உள் பாக்கெட், கைப்பிடி இழுக்கும் குழாய் எல்லாவற்றிலும் டார்ச். பிறகு வேக்குவம் கிளீனர்; அதன் தூசிப் பையைக் கட்டி உடனே வெளிக் குப்பைக்கு. வேக்குவம் இல்லாதவர் பழைய டூத் பிரஷ்ஷால் தையலைத் தேய்த்து வேட்டியில் உதிர்க்கலாம். மொத்தம் முக்கால் மணி நேரம்.

● அஜ்ஜியின் குண்டானுக்கு வருகிறேன். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட அளவு: வளர்ந்த பூச்சி 48.3 டிகிரி செல்சியஸில் சாகும், முட்டைக்கு 54.8 டிகிரி வேண்டும். வெறும் 48 டிகிரியில் முட்டையைக் கொல்ல ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கும். துணி துவைக்கும் இயந்திரத்தில் 60 டிகிரியில் ஒரு முழுச் சுற்று ஓட்டினால் பூச்சி, குஞ்சு, முட்டை எதுவும் மிஞ்சாது. இயந்திரம் இல்லாத வீட்டில் கொதித்த தண்ணீரை வாளியில் ஊற்றிப் பருத்தித் துணியை அமிழ்த்துங்கள். பழைய வண்ணான் வெள்ளாவி வைத்ததும் இதே வழிதான். மரக் கட்டிலின் பொருத்துகளில் கொதிநீரை ஊற்றுவதும் நம் பாட்டிகள் செய்ததே. இடுக்கின் அடிவரை சூடு போக வேண்டும், மேலே தெளித்தால் பலனில்லை. மெழுகு பூசிய மரமும் பிளைவுட்டும் கெடும், அவற்றுக்கு ஆவி பாய்ச்சும் ஸ்டீமரை மெதுவாக, ஒவ்வொரு சாணாக நகர்த்த வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியை மறந்துவிடாதீர்கள். துணிப்பையின் தையல், திரைச்சீலை மடிப்பு, மெத்தை உறையின் ஓரம் ஆகியவற்றில் பருத்திச் சூட்டில் அழுத்தித் தேய்த்தால் முட்டையும் பொசுங்கும்.

பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பது? ஒரு நாள் முழுதும் ஊறினால் பூச்சியும் குஞ்சும் மூழ்கிச் சாகும், முட்டைக்கு ஒன்றும் ஆகாது. கிராமத்தில் கயிற்றுக் கட்டிலைக் குளத்தில் போட்டு வைத்தும் பத்து நாளில் மறுபடி கடித்ததற்குக் காரணம் அந்த முட்டைகள்.

● பட்டுப்புடவையை என்ன செய்வது? மைசூருக்கு வந்துவிட்டு மைசூர் சில்க் வாங்காமல் போவோர் குறைவு, அந்த வாசகிகளின் கேள்வி இது. பட்டை 60 டிகிரியில் முக்க முடியாது. பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் முழுதாக வையுங்கள். எடுத்தவுடன் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள், இல்லையென்றால் ஈரம் கோக்கும். புத்தகம், தோல் பை, குழந்தையின் கரடிப் பொம்மை எல்லாவற்றுக்கும் இதுவே. ஐஸ் அறை மட்டும் உள்ள பழைய ஃப்ரிட்ஜ் அந்தக் குளிருக்குப் போகாது. டிரை கிளீனிங்கும் எல்லாப் பருவத்தையும் கொல்லும், ஆனால் கொடுக்கும்போது கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிக் கட்டிய பையாகக் கொடுங்கள்.

● மெத்தையை வெயிலில் போட்டால் போதாதா? போதாது. மைசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 770 மீட்டரில் இருக்கும் ஊர், சித்திரை வெயிலும் வேலூர் வெயில் அல்ல. வேலூர் வெயிலே ஆனாலும் மெத்தையின் மேற்பக்கம் சுடும்போது பூச்சி அடிப்பக்கத்துக்கு நடந்துவிடும். 2006இல் சிட்னி ஆய்வாளர்கள் மெத்தையைக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். மேலே கை வைக்க முடியாத கொதிப்பு, கீழே பூச்சி சாகாத சூடு.

● உங்கள் கையில் கொத்தமல்லி நசுங்கும்போது வரும் வாசனையும், மூட்டைப்பூச்சி நசுங்கும்போது வரும் வீச்சமும் ஒரே வேதிக் குடும்பத்துப் பொருள்கள். ஆல்டிஹைடுகள் என்பார்கள். கிரேக்க மொழியில் மூட்டைப்பூச்சிக்குக் கோரிஸ் என்று பெயர், ஐரோப்பிய மொழிகளில் கொத்தமல்லிக்கு வழங்கும் கோரியாண்டர் அதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். நமக்குக் கொத்தமல்லி பிடிக்கும், அது வேறு.

● பீன்ஸ் இலை மூட்டைப்பூச்சியைப் பிடித்துவிடும். நாம் பொரியல் செய்யும் அதே பீன்ஸ், மைசூர் மார்க்கெட்டில் ஹுருளிக்காய். அதன் இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி முடிகள் உண்டு. பல்கேரியா, செர்பியா பக்கத்துக் குடியானவர்கள் இரவில் கட்டிலைச் சுற்றி அந்த இலையைப் பரப்பி, காலையில் பூச்சிகள் சிக்கிய இலைகளைக் கூட்டி எரிப்பார்களாம். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கொக்கி பூச்சியின் பாதத்தைத் துளைத்து நிறுத்திவைப்பது தெரிந்தது. செயற்கையாக அதே கொக்கிகளைச் செய்து பார்த்தார்கள். இலை அளவுக்கு அது பிடிக்கவில்லை.

● சிவப்பும் கறுப்பும் மூட்டைப்பூச்சிக்குப் பிடித்த ஒளிவிடம். மஞ்சளையும் பச்சையையும் தவிர்க்கும். 2016இல் வந்த ஆய்வு. மஞ்சள் விரிப்பு போட்டால் வராது என்று இதற்குப் பொருள் இல்லை.

● வௌவால்கள் தோன்றுவதற்கு முன்பே, ஏறக்குறைய 11.5 கோடி ஆண்டுக்கு முன்னால், டைனோசர் காலத்திலேயே மூட்டைப்பூச்சியின் முன்னோர் இருந்தார்கள் என்று 2019இல் மரபணு ஆய்வு சொன்னது. எகிப்தின் அமர்னாவில் தொழிலாளர் குடியிருப்பைத் தோண்டியபோது 3,300 ஆண்டுக்கு மேற்பட்ட மூட்டைப்பூச்சி உடல்கள் கிடைத்தன.

● மலேசியாவின் பினாங்கில் உள்ள சைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நம் வெப்பநாட்டு வகையின் வயிற்றிலிருந்து அது கடித்தவரின் டிஎன்ஏவை 45 நாள் கழித்தும் எடுத்திருக்கிறார்கள். குற்றம் நடந்த அறையில் யார் தங்கினார் என்று சொல்ல இது உதவலாம்.

● டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி வந்தபோது மூட்டைப்பூச்சி ஒழிந்தது என்றே உலகம் நம்பியது. 1947லேயே ஹவாய்த் தீவுகளின் பேர்ல் ஹார்பர் ராணுவக் கொட்டடிகளில் டிடிடிக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் தென்பட்டன. நம் நாட்டில் 1953இல் மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கி வீட்டுச் சுவர்களில் டிடிடி அடித்தபோது, கொசுவைவிட மூட்டைப்பூச்சி செத்ததற்காகவே மக்கள் கதவைத் திறந்தார்கள். சில ஆண்டுகளில் பூச்சி சாகாமல் கிளம்பி ஊரத் தொடங்கியதும் பல இடங்களில் அதே மக்கள் கதவைச் சாத்தினார்கள், மலேரியா வேலை சிரமப்பட்டது.

இன்று கடையில் கிடைக்கும் ஸ்பிரேக்கள் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. அவையும் டிடிடியும் பூச்சியின் நரம்பில் தாக்குவது ஒரே இடத்தை. அந்த இடத்தை மாற்றிக்கொண்ட பூச்சிக்கு இரண்டுமே பலிக்காது. அறையை மூடிப் புகையவிடும் ஃபாகர் டப்பாவும் அப்படித்தான். புகை இடுக்குக்குள் இறங்குவதில்லை. அல்ட்ராசோனிக் கருவி விரட்டாது. அந்துருண்டையை நம்ப முடியாது. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும், மெத்தையில் ஊற்றவே கூடாது.

● இனி எழுதப்போவதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். சேமிப்புக் கிடங்கில் தானிய மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் மூட்டைப்பூச்சிக்காகப் படுக்கையறையில் வைக்கிறார்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவாக மாறும். மாற்று மருந்து கிடையாது. சுவர் விரிசல், குழாய்த் துளை வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். மைசூரில் செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் தானியப் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவது ஒரு தனித் துறை. அந்தத் துறை படித்தவர்கள் மூடிய கிடங்கில், முகமூடியோடு, வாயுவை அளந்து அளந்து கையாளும் பொருள் இது. சட்டப்படி பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. ஆனாலும் கிடைக்கிறது.

2025 பிப்ரவரி தொடக்கத்தில் கொழும்பில் ஒரு விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டு இளம்பெண்கள் இருவர் வாந்தியும் மூச்சுத்திணறலுமாக இறந்தார்கள். அந்த விடுதியில் மூட்டைப்பூச்சிக்காகப் புகைமருந்து வைத்திருந்தது செய்தியானது. 2022 ஆகஸ்டில் பெங்களூரு வசந்தநகரில், பூச்சிமருந்து அடித்த வீட்டுக்கு ஊரிலிருந்து திரும்பிய குடும்பத்தின் எட்டு வயதுச் சிறுமி இறந்தாள். மூட்டைப்பூச்சிக் கடியால் சாவது மிக மிக அரிது. அவமானத்துக்குப் பயந்து, அவசரப்பட்டு, இரவோடு இரவாக முடித்துவிட வேண்டும் என்று நாம் வைக்கும் மருந்து கொல்கிறது.

● மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுவதாக இருந்தால் கேட்க வேண்டியவை: உரிமம் இருக்கிறதா, காட்டுங்கள். மருந்தின் பெயர் என்ன, டப்பாவைக் காட்டுங்கள். எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், காற்றோட்டம் எவ்வளவு நேரம்? இரண்டாம் முறை எப்போது வருவீர்கள்? பெரும்பாலான மருந்துகள் முட்டையைக் கொல்லாததால் இரண்டு வாரம் போல் கழித்து மறுபடி அடிப்பவர்தான் வேலை தெரிந்தவர். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன், மாத்திரை வைக்கிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அடுக்குமாடி என்றால் பக்கத்து வீட்டாரிடமும் மேல் கீழ் வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்ல வெட்கப்பட்டால் அவர்கள் குழந்தைக்கும் ஆபத்து.

● பயணத்தில் கடித்தால் நஷ்டஈடு உண்டா? உண்டு. 2022 ஆகஸ்டில் மங்களூரிலிருந்து பெங்களூருக்கு ஸ்லீப்பர் பேருந்தில் போன ஒரு பெண்ணை மூட்டைப்பூச்சிகள் கடித்தன. ஊழியரிடம் சொல்லியும் கண்டுகொள்ளவில்லை என்பது அவர் புகார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 850 ரூபாய் டிக்கெட்டுக்கு, இழப்பீடும் செலவும் சேர்த்து ஏறக்குறைய 1.29 லட்சம் ரூபாய் கொடுக்க 2024 இறுதியில் உத்தரவு வந்தது.

உங்களுக்கும் நேர்ந்தால், அந்த இடத்திலேயே பூச்சியையும் இருக்கை எண்ணையும் ஒரே படத்தில் எடுங்கள். தடிப்பைத் தேதியோடு எடுங்கள். ரயில் என்றால் 139 எண்ணில் அப்போதே புகார் பதியலாம். டாக்டர் சீட்டு, டிக்கெட், மருந்துக் கடை ரசீது மூன்றையும் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய்வரை செலுத்திய தொகைக்குக் கட்டணம் கிடையாது.

● வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் ஊருக்குப் போனால் பட்டினியில் சாகுமா? சாகாது. வெதுவெதுப்பான ஊரில் சில மாதம், குளிர்ந்த அறையில் ஓர் ஆண்டுவரைகூட ரத்தமில்லாமல் இருக்கும். படுக்கையறையை விட்டு ஹாலுக்கு மாறிப் படுப்பதும் கூடாது, நம்மைத் தேடி அது ஹாலுக்கு வந்து அங்கேயும் குடியேறும். அதே கட்டிலில், உறை மாற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் படுப்பதுதான் சரி. விரிப்பு தரையில் தொங்கக் கூடாது.

● என் வீட்டில் நடந்தது: பையைக் கொதிநீரில் முக்கினேன். கட்டிலைக் கழற்றி, அஜ்ஜி பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு பொருத்திலும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மூலையில் இரண்டு பூச்சிகள், ஒரு வரி முட்டைகள். காலண்டரில் பதினான்காம் நாளை வட்டமிட்டுவிட்டு மறுபடி கழற்றினோம், ஒரு குஞ்சு. மறுபடி தண்ணீர். அடுத்த பதினான்காம் நாள் டார்ச், ஏடிஎம் கார்டு, ஈரப் பஞ்சு எல்லாம் வைத்துப் பார்த்தோம். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அடுத்த இரண்டு வட்டங்களையும் போட்டுவிட்டுத்தான் அஜ்ஜி காலண்டரைச் சுவரில் திரும்ப மாட்டினார்.